சிப்பிப் பின்னலில் ஒன்பதாவது வரிசை

கருங்கொம்பையில் அந்த வருஷம் ஜூன் முதல் வாரம் பிடித்த சாரல் விடவேயில்லை. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் சாக்பீஸ் எழுத மறுத்தது, உப்பு டப்பாவில் உப்பு தண்ணீராகி நின்றது, ஒரு துணி காய்வதற்குள் இன்னொரு துணி நனைந்தது, வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஊரே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. அப்படிப் படுத்தவர்களில் முதலாவதாக அழுதுகொண்டு எழுந்தவள் தபாலாபீஸ் கமலாபாய். அவள் போர்த்தியிருந்தது செத்துப்போன மாமியார் பின்னி வைத்துவிட்டுப் போன பச்சைக் கம்பளி. உயிரோடு இருந்த நாளெல்லாம் மருமகளின் ரசத்தைக் கழுநீர் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மாமியார், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அதே ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் டம்ளரின் அடியை விரலால் வழித்து நக்கியதை, மாமியாரின் கண்ணாலேயே பார்த்துவிட்டு எழுந்திருந்தாள் கமலாபாய். "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்த முத்து உதிர்ந்திருக்குமா அந்தப் பொம்பளைக்கு!" என்று தெருவில் நின்று கேட்டாள். மழை பெய்துகொண்டிருந்ததால் பதில் சொல்ல யாரும் வெளியே வரவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது. கையால் பின்னிய கம்பளியில் எந்த வரிசை தூங்குகிறவரின் தாடையைத் தொடுகிறதோ, அந்த வரிசையைப் பின்னிய நாள், பின்னியவளின் கண்ணும் நெஞ்சுமாக, விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை தூக்கத்தில் ஓடும். அவள் கண் எதைப் பார்த்ததோ அது தெரியும். அவள் நெஞ்சில் எது இருந்ததோ அது தூங்குகிறவரின் நெஞ்சில் ஏறி உட்காரும். அவ்வளவுதான் சங்கதி. ஏன், எப்படி என்று கேட்க கருங்கொம்பையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, மழை ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்கிறார்களா என்ன. டாக்டர் மட்டும் எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். போதகர் இரண்டு ஞாயிறு அதைக் கண்டித்துப் பிரசங்கம் பண்ணினார், மூன்றாவது ஞாயிறு தன் தாயார் பின்னிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு சிவந்த கண்ணோடு வந்து அன்பைப் பற்றிப் பேசினார்.

அதற்கு முன்னால் கருங்கொம்பையில் ஒரு பெண்ணை அவள் பின்னலைக் கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம். கமலாபாய்க்கு அலைப் பின்னல்தான், மேலும் கீழும் ஏறி இறங்கி மூன்று நிறத்தில் ஓடவேண்டும். போதகர் வீட்டம்மா கட்டம் கட்டமாகப் பின்னி கடைசியில் சேர்த்துத் தைப்பாள். பேக்கரி ரஷீதா பொரிப் பின்னல் போடுவாள், தொட்டால் சோளப்பொரி மாதிரி குண்டு குண்டாக எழும்பி நிற்கும். புதன்கிழமை மூன்று மணிக்கு சர்ச் பக்கத்து ஹாலில் சாதி மதம் பாராமல் கூடி உட்கார்ந்து, யாருடைய பின்னல் உசத்தி என்று வருஷக்கணக்கில் சண்டை போட்ட பெண்கள் அவர்கள். இப்போது அந்தச் சண்டைக்குப் புது அர்த்தம் வந்துவிட்டது. பொரிப் பின்னலுக்கு நூல் அதிகம் பிடிக்கும், அதனால் அதில் நாள் மெதுவாக நகர்ந்தது, ரஷீதா ஒரு தடவை டீ குடித்ததைப் பார்த்து முடிக்க அவள் புருஷனுக்கு அரை மணி நேரம் ஆனது. கட்டக் கம்பளியில் நாள்கள் கலைந்து கிடந்தன, கிறிஸ்துமஸ் கேக் அடுப்பில் வேகும்போதே பெரிய வெள்ளி ஆராதனைக்கு மணி அடித்தது. ஓட்டை விட்டுப் பின்னும் வலைப் பின்னலில் ஓட்டை விழுந்த இடமெல்லாம் நாளும் விழுந்திருந்தது, ஆகையால் மறைக்க ஏதாவது வைத்திருந்த பெண்கள் சத்தமில்லாமல் வலைப் பின்னலுக்கு மாறினார்கள். ஜூலை மாதத்தில் கருங்கொம்பையில் முக்கால்வாசிப் பேர் வலைதான் பின்னிக்கொண்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோஷா ஊசியைக் கையில் எடுக்கிற நாளில் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டார்கள். அன்றைக்குப் புருஷன்மார்கள் வாய் திறந்து திட்டுவதில்லை. பிரிந்திருந்த ஒரு அண்ணன் தம்பி சேர்ந்தார்கள், நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றது. எஸ்டேட் சூப்பர்வைசரின் மனைவி ஒரு கம்பளியை நடுவில் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெட்டியதுமே இரண்டு துண்டும் ஊமையாகிவிட்டன, அதற்குப் பிறகு அவற்றில் கதகதப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் ஏன் வெட்டினாள் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் ஊருக்கு வந்திருந்தது.

எப்சிபாவுக்கு அந்த மழைக்காலம் முழுவதும் நிம்மதியில்லை. தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், அறுபது வயது, கல்யாணம் ஆகாதவள். தங்கை பாக்கியசீலி பால்வாடி டீச்சர், ஐம்பத்து நாலு வயது, அவளுக்கும் ஆகவில்லை. இரண்டு பேரும் அப்பா கட்டிய தகர வீட்டில் ஒரே சமையலறையில் சாப்பிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தூங்கி வயதானவர்கள். சீலியின் கட்டிலில் இருபத்தேழு வருஷமாகக் கிடந்தது எப்சிபா பின்னிய கம்பளி, வெள்ளையும் ஊதாவுமாகச் சிப்பிப் பின்னல், நூற்று ஐம்பத்தாறு வரிசை.

அதை எப்சிபா ஆரம்பித்தது கல்யாணக் கம்பளியாக. கருங்கொம்பையில் கூடப் பிறந்தவள் பின்னிய கம்பளி இல்லாமல் எந்தப் பெண்ணும் புகுந்த வீடு போவதில்லை, தாலி செய்கிறார்களோ இல்லையோ கம்பளியின் வரிசைகளைத் தாங்குகிற அடிச்சங்கிலியை முதலில் போட்டுவிடுவார்கள். தொழிற்சாலை மெக்கானிக் எபனேசர் சீலியைப் பார்க்கிற பார்வை ஊருக்கே தெரியும். அவன் கேட்கத்தான் போகிறான் என்று எப்சிபா சந்தோஷமாக ஆரம்பித்தாள், சனிக்கிழமைக்கு ஒரு வரிசை என்று எட்டு சனிக்கிழமை பின்னினாள். ஒன்பதாவது சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கிளம்பும்போது எபனேசர் ஆபீஸ் வராந்தாவில் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, சீலிகிட்ட நேர்ல கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு. நீங்க கேட்டுச் சொல்லுங்க. அவங்க சரின்னா ஞாயித்துக்கிழமையே எங்க வீட்ல வந்து பேசிருவாங்க."

வீட்டில் அம்மா பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். மலம் எடுப்பது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் இரண்டு பேரும் பங்கு போட்டுச் செய்தார்கள். இவள் போய்விட்டால் நான் ஒருத்தி என்ன செய்வேன் என்று எப்சிபாவின் நெஞ்சில் ஒரு பயம் திடீரென்று எழுந்தது, அது எழுந்த வேகத்தில் நாக்கு பேசிவிட்டது.

"நான் ஏற்கெனவே கேட்டேன் தம்பி. அவளுக்கு இஷ்டமில்லை."

எபனேசர் தலையை ஆட்டினான், குடையை விரித்தான், நனைந்த படியில் இறங்கிப் போனான். அந்த மாதமே வால்பாறைக்கு வேலை மாறிப் போய், போன இடத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். சீலி அவன் கேட்பான் கேட்பான் என்று காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதை நிறுத்தினாள், நிறுத்தியதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எப்சிபா வீட்டுக்கு வந்து அன்று மத்தியானமே ஒன்பதாவது வரிசையைப் பின்னினாள். பின்னாமல் இருந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை ஆயிற்றே, கை தானாக ஊசியை எடுத்தது. அம்மா செத்துப்போகும்வரை மூன்று வருஷம் அந்தக் கம்பளியைப் பின்னிக்கொண்டே இருந்தாள், முடிந்ததும் தங்கையின் கட்டிலில் விரித்தாள், அது எதற்காக ஆரம்பித்தது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

சிப்பிப் பின்னலுக்குத் தலைமாடு கால்மாடு உண்டு. சிப்பியின் விரிந்த வாய் கடைசி வரிசைப் பக்கம் பார்த்திருக்கும், அதுதான் தாடைக்கு வரும், யாரும் சொல்லாமலே எல்லோரும் அப்படித்தான் போர்த்துவார்கள். ஆகவே சீலி ஜூன் பாதியில் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினாள். தினமும் பால்வாடியிலிருந்து இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு வரிசையை மடித்துவிட்டு, மடித்த இடத்தில் ஊக்கு குத்தி அடையாளம் வைத்துக்கொண்டு படுப்பாள். வேதாகமத்தைக்கூட ஆதியாகமத்திலிருந்து ஒரு அதிகாரம் தாண்டாமல் படிக்கிறவள் அவள். முதல் நாள் அம்மா செத்து நாலு நாள் கழிந்த வீட்டைப் பார்த்துவிட்டு எழுந்து அழுதாள். அடுத்த நாள் ஒரு வாரம் பின்னால் போனாள், அம்மா உயிரோடு இருந்தாள்.

"அக்கா, அம்மாவைப் பார்த்தேன்!" என்று எழுந்து ஓடிவந்தாள். "உன் கையாலதான் கஞ்சி குடிக்கிறா. ரெண்டு வாய்தான் குடிச்சா."

அதிலிருந்து சீலிக்கு அம்மா தினம் ஒரு படி தேறிக்கொண்டே வந்தாள். கண் திறக்காதவள் கண் திறந்தாள், பேச்சு நின்றவள் ஒரு வார்த்தை சொன்னாள், பிறகு இரண்டு வார்த்தை சொன்னாள், செப்டம்பரில் இடது கை அசைந்தது, அக்டோபரில் வாய் கோணாமல் சிரித்தாள். சாவிலிருந்து புறப்பட்டு ஒருத்தி வீட்டை நோக்கி நடந்து வருவது மாதிரி இருந்தது அது. சீலியின் முகம் இருபது வருஷமாக இல்லாத மாதிரி தெளிந்தது. பால்வாடிப் பிள்ளைகளுக்கு அம்மாவின் பழைய பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னிக்கு நானும் இருந்தேன்க்கா. நீ என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கே. கிணத்தடியில் தலை துவட்டிக்கிட்டு நிக்கிறேன். உனக்கு என் மேல எவ்வளவு பிரியம் தெரியுமா? எனக்கே நெஞ்சு அடைச்சுப் போச்சு." இப்படிச் சொன்ன நாளில் எப்சிபா சோற்றை அடிப்பிடிக்க விட்டாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மடிப்பு கீழே இறங்குகிறது என்பதுதான். தங்கை பால்வாடி போனதும் கட்டிலுக்குப் போய் ஊக்கு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பாள். எண்பது, எழுபத்தைந்து, அறுபது, நாற்பது. சொல்லிவிடலாம் என்று பல நாள் வாயைத் திறந்தாள். சொன்னால் அந்தத் தெளிந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்து மூடிக்கொண்டாள். ஆகஸ்ட்டில் ஒருநாள் சீலியே, தட்டில் கையை வைத்துக்கொண்டு, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமாக்கா?" என்று கேட்டாள். அன்று காலையிலிருந்தே அவளுக்குத் தலைவலி, பேச்சு குறைந்திருந்தது.

"என்ன சொல்லணும்? ஒண்ணுமில்லையே" என்று எப்சிபா மோர்ப் பாத்திரத்தை எடுக்க எழுந்துவிட்டாள். அந்தக் கேள்வி அக்டோபரிலும் ஒருமுறை வந்தது. அப்போதும் மோர்ப் பாத்திரம் உதவிக்கு வந்தது.

நவம்பர் முதல் புதன்கிழமை ஹாலில் எல்லோரும் பின்னிக்கொண்டிருக்கும்போது எப்சிபா யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"ஒரு கம்பளியில் நடுவுல இருக்கிற ஒரு வரிசையை மட்டும் எடுக்க முடியுமா?"

பத்துப் பன்னிரண்டு ஊசிகள் ஒரே நேரத்தில் நின்றன. கருங்கொம்பையில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத பெண் அந்த வருஷம் யாருமில்லை. சூப்பர்வைசரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெட்டினா ஊமையாயிரும்" என்றாள் ரஷீதா, ரொம்ப மெதுவாக. "அவுக்கணும்னா கடைசியில இருந்துதான் அவுக்கணும் எப்சிக்கா. முடிச்சு அங்கதான இருக்கு. மேல உள்ளது அத்தனையும் போனாத்தான் கீழ உள்ளதுக்கு வர முடியும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றாள் எப்சிபா.

"எந்த வரிசையா இருந்தாலும் சொல்லிருங்க" என்றாள் கமலாபாய். "எங்க மாமியார் சொல்லாமப் போனதுக்கு நான் இன்னிக்கும் திட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர்கள் பேசாமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை சொல்லியிருப்பாள். பத்துப் பேர் முகமும் தன்னைப் பார்த்து இரங்கியது எப்சிபாவுக்குத் தாங்கவில்லை, நூல் உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் ஊக்கு பன்னிரண்டாவது வரிசையில் இருந்தது. சீலி பால்வாடிக்குப் போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளைக்கோ நாளான்னைக்கோ அம்மா பாடுவாக்கா. அப்பல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் பாடுவாளே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து மணிக்கு எப்சிபா கட்டிலில் உட்கார்ந்தாள், நூற்று ஐம்பத்தாறாவது வரிசையின் மூலையில் இருந்த முடிச்சை ஊசி நுனியால் நெம்பினாள், இழுத்தாள்.

குரோஷா பின்னுவதற்கு மூன்று வருஷம் ஆகும், அவிழ்ப்பதற்கு ஒரு காலை போதும். சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் மூடி மறைந்தன. வெள்ளையும் ஊதாவும் சுருள் சுருளாக மடியில் விழுந்தன, மடி நிறைந்து தரையில் விழுந்தன, அம்மாவின் கஞ்சியும், அம்மாவின் இடது கையும், கிணற்றடியில் தலை துவட்டுகிற சீலியும் அதில் விழுந்தார்கள், எப்சிபா இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதை எடுத்ததும் நிறுத்திவிடுவோம், கீழே எட்டு வரிசையாவது அவளுக்கு இருக்கட்டும், அந்த எட்டில் அம்மா பாடுகிறாள் என்று நினைத்துத்தான் இழுத்தாள். எங்கே எண்ணிக்கை தவறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தினபோது கையில் அடிச்சங்கிலிகூட இல்லை, நெளிந்த வெறும் நூல் இருந்தது.

சீலி இரண்டு மணிக்கு வந்தாள். கதவருகில் நின்று கட்டிலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், நூலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். குடையை மூலையில் சாய்த்துவிட்டு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒன்பதாவது வரிசைக்காகவா?" என்றாள்.

எப்சிபா கையிலிருந்த நூலை விட்டுவிட்டாள்.

"ஆகஸ்ட்ல ஒருநாள் வெயில் வந்துச்சே, அன்னிக்குக் கம்பளியைத் துவைச்சுப் போட்டேன். தலைமாடு காயலை. குளிர் தாங்காம கால்மாட்டுப் பக்கத்தைத் திருப்பி மேல இழுத்து, கொஞ்சம் மடிச்சுப் போர்த்திக்கிட்டேன். ஒன்பதாவது வரிசை தாடைக்கு வந்துருச்சு. எபனேசர் குடையை மடக்கிக்கிட்டு வராந்தாவுல வந்து நிக்கிறார்." என்றாள் சீலி. "நீ சொன்னதைக் கேட்டேன். அவர் படியிறங்கிப் போறதையும் பார்த்தேன்."

"சீலி..."

"உன் பயத்தையும் பார்த்தேன்க்கா. நெஞ்சுக்குள்ள அது எப்படி எழும்புச்சுன்னு தெரியும். வீட்டுக்கு வந்து கொல்லையில நின்னு வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதியே, அதுவும் எனக்குள்ளதான் நடந்துச்சு. ஒரு வாரம் உன் மேல கோவமா இருந்தேன். அப்புறம் கோவப்பட முடியலை. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். ரெண்டு தரம் வாய்விட்டே கேட்டேன். சொல்லியிருந்தா சரி போகட்டும்னு கையைப் பிடிச்சிருப்பேன், முடிஞ்சிருக்கும்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சீலி தரையில் கிடந்த நூலைக் கையில் அள்ளினாள், அப்படியும் இப்படியும் புரட்டினாள், வேறொரு குவியலை அள்ளினாள்.

"இதுல எதுக்கா அம்மா பாடுறது?"

எப்சிபா அந்தக் கேள்விக்கு அழுதாள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், தப்புப் பண்ணிட்டேன் தப்புப் பண்ணிட்டேன் என்று அவளுடைய அறுபது வயதும் மறந்து சத்தம் போட்டு அழுதாள். சீலி அவளை அடக்கவில்லை. நூலைப் பிரித்துப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமையே எப்சிபா அதே நூலில் திரும்ப அடிச்சங்கிலி போட்டாள். எந்தப் பின்னல் வேண்டும் என்று கேட்டதற்குச் சீலி, "எதுவா இருந்தா என்ன" என்றாள். எப்சிபா சிப்பியே போட்டாள். இந்தத் தடவை சனிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை, வரிசை வரிசையாக எல்லா நாளும் பின்னினாள். ஒரு சிப்பிகூடக் கோணக்கூடாது, ஒரு கண்ணிகூட இறுகக்கூடாது, பழைய கம்பளியைவிட ஒரு மாற்று உசத்தியாக இருக்கவேண்டும் என்று நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னினாள். பின்னும்போது அம்மாவையே நினைத்தாள், அம்மா பாடியதைத் தானே முனகிப் பார்த்தாள், இப்படிச் செய்தால் துளி அம்மாவாவது அதில் ஏறிவிடாதா என்று ஆசைப்பட்டாள். மழை நின்றது, பனி இறங்கியது, ஊரில் மற்றவர்கள் மத்தியானம் தூங்குவதை விட்டு வேலைக்குப் போனார்கள். மார்ச்சில் கம்பளி ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு எப்சிபா அதைத் தங்கைக்குப் போர்த்திவிட்டாள். பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, மிச்சமிருந்த நூலில் ஓரப் பின்னலைத் தொடர்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து சீலி கண் விழித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அம்மா வந்தாளா?" என்று எப்சிபா ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். அவளுக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"இல்லைக்கா."

"பாட்டுகூடவா கேக்கலை? நான் முனகிக்கிட்டேதான் பின்னினேன்."

"உன் குரல்தான் கேக்குது. நெஞ்சு கனமா இருக்கு, அது நீ. நூல் தெரியுது, ஊசி தெரியுது, உன் ரெண்டு கையும் தெரியுது. விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் அதுதான்." சீலி கம்பளியைத் தாடையிலிருந்து கீழே தள்ளினாள். "நானும் அதே வீட்லதான் உனக்கு எதிர்லயே உக்காந்திருந்தேன். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தா நானாவது தெரிஞ்சிருப்பேன்."

எப்சிபா ஊசியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் சீலி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டாள்.